செப்புக் குடத்துத் தண்ணீர்

எங்கள் கட்டிடத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணமானவள் இரண்டாவது மாடியில், எங்கள் எதிர்வீட்டில் இருந்தாள். வேறு யாரும் அவளை அப்படிச் சொல்லவில்லை. மாமியேதான் சொல்லிக்கொள்வாள். குழாயில் தண்ணீர் பாதியில் நின்றுபோனால், "நான் ஒரு குடம் கூடப் பிடிச்சுட்டேன் போலிருக்கு, எம்மேலதான் தப்பு" என்பாள். அவள் பிடித்தது இரண்டே குடம். அதற்கு முன்பே கீழ்வீட்டுக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக நிரப்பிக்கொண்டு கதவைச் சாத்தியிருப்பார்கள். லோக்கல் ரயிலில் ஒரு மீன்காரி கூடையால் இவள் தோளில் இடித்துவிட்டுப் போனால், இவள் திரும்பி "மாஃப் கரோ" என்பாள்.

"எதுக்கு மாமி நீங்க மாப்புக் கேக்கீங்க?" என்று நான் சீறுவேன்.

"வழியை மறிச்சுண்டு நின்னது நான்தானேடீ."

கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நின்று ஊரே ஆபீசுக்குப் போகமுடியாமல் தவித்த ஒரு ஜூலை மாதம், மழை வராதா என்று போன மாதம் தான் வாய்விட்டு அலுத்துக்கொண்டதைச் சொல்லி உண்மையாகவே வருத்தப்பட்டவள் அவள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில் மாட்டுங்காவில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். எனக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். இருபத்துமூன்று வயது, வாய் நீளம், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. மாமிக்கு அப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லியாக, எப்போதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடியே கதவைத் திறப்பாள். திறந்ததும் முதல் வார்த்தை, "ரொம்ப நேரமா தட்டறயோ? எனக்குக் காதுலயே விழலை பாரு, எம்மேலதான் தப்பு."

ஆரம்பத்தில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. போகப்போக எரிச்சலாக இருந்தது. அதற்கப்புறம் ஒன்று கவனித்தேன். கட்டிடத்துக்கே மாமி ஒரு வசதியாக இருந்தாள். மாடிப்படி பல்பை முதல் மாடிப் பையன் பந்தடித்து உடைத்தான், எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரருடைய ஆள் வந்து கத்தியபோது அந்தப் பையனின் அம்மா மெதுவாகத் திரும்பி மாமியைப் பார்த்தாள். அவ்வளவுதான். "ஒட்டடை அடிக்கறச்சே நான் கை தவறி இடிச்சுட்டேனோ என்னமோ" என்று மாமி ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குள் போய்விட்டார்கள். தலையில் இருக்கிற சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் இருக்குமே, அந்த மாதிரி. நானும் ஒன்றிரண்டு தடவை இறக்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

மாமா ஒரு காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அதிகம் பேசமாட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு புரொபசர் அந்த டிபார்ட்மெண்டுக்கு ஒரு பிராணியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக்சலாட்டில் என்று பெயர், மெக்ஸிகோ தேசத்து ஏரியில் இருப்பது. லீவில் காலேஜ் பூட்டிக் கிடக்குமே, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மாமா அதைக் கண்ணாடித் தொட்டியோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். கட்டிடத்துக் குழந்தைகள் அதற்கு 'மெக்ஸிகோ' என்றே பெயர் வைத்தார்கள்.

ஒன்பது அங்குல நீளம். வெளுத்த ரோஜா நிறம். பல்லியின் கால்கள், மீனின் வால், எந்நேரமும் எதையோ கேட்டுச் சந்தோஷப்பட்டதுபோல ஒரு வாய். தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக, சிவப்புத் தூவல்கள் மாதிரி செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகத்தான் அது மூச்சுவிடுகிறது என்று மாமா சொன்னார். குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பம்பாயில் அது கிடைக்குமா? அதனால் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. ஒரு பாட்டிலில் ஐஸ் நிரப்பி மூடித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். ஒருநாள் முழுக்க மண்பானையில் ஊறிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தினம் இரண்டு மண்புழு. சனிக்கிழமை கண்ணாடிக்கு வெளியே ஸ்கேலை வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதுவார். மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்ப்பாள். "அவரோடது" என்றுதான் சொல்வாள். "அவரோடது சாப்ட்டுதா", "அவரோடது தூங்கறது."

அடுத்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் மாமாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி, மாத்திரை, நாலைந்து மாதமாவது ஆகும் என்றார்கள்.

"ஈரம் சரியா காயாத சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்தேன்டீ. அதான் நெஞ்சுல இறங்கிடுத்து."

"மாமி, அது கிருமி. டாக்டரே சொல்லுதாரு."

"அந்தக் கிருமி எங்காத்துக்குள்ளே எப்படி வந்தது? நான்தானே கதவைத் திறந்து வச்சேன்."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது, அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமி ஆஸ்பத்திரிக்குப் போவாள், பல வாரங்கள் நானும் துணைக்குப் போவேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இட்லியைத் திருப்பி அனுப்புவார். ஊசியே வேண்டாம் என்று இரண்டு நாள் அடம் பிடித்ததாக நர்ஸ் சொன்னாள். மெக்ஸிகோவைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் எழுந்து உட்கார்வார்.

"எவ்வளவு?"

"ஒன்பதரை."

"செவுள் சிவப்பா இருக்கா?"

"ரத்தமாட்டம் இருக்கு."

"நான் வந்து பாக்கணும்" என்பார். அதற்கப்புறம் ஒரு இட்லி உள்ளே போகும். டாக்டர் மாமியைத் தனியாகக் கூப்பிட்டு, மனதை அலட்டுகிற எதையும் அவரிடம் சொல்லாதீர்கள், அவருக்கு எதிலாவது பிடிப்பு இருக்கட்டும் என்றார். மாமி அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். மாமா வீடு திரும்பும்வரை மெக்ஸிகோ உயிரோடு இருக்க வேண்டும். அவளுக்கு அந்த வருஷத்தில் வேறு வேண்டுதலே கிடையாது.

வெங்காயம்கூடச் சேர்க்காத மாமி பக்கத்தில் 'ஐந்து தோட்டம்' என்கிற பூங்காவுக்குப் போய் அங்கே இருந்த தோட்டக்கார மாலியிடம் டப்பாவில் மண்புழு வாங்கிவந்தாள். இடுக்கியால் புழுவைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவாள். மெக்ஸிகோ லபக்கென்று கவ்வும்போது, "பெருமாளே" என்று ஒரு சத்தம் வரும். புழுவிடமும் மன்னிப்புக் கேட்பாள், நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். மூன்றே வாரத்தில் கண்ணை மூடுவதை விட்டுவிட்டாள். ஒரு மாதத்தில், அது தண்ணீருக்குள்ளிருந்து தன்னைப் பார்த்து நகர்ந்து வருகிறது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆகஸ்டில் காலேஜ் பியூன், தொட்டியில் இருந்த செடி அழுகிவிட்டதென்று கேள்விப்பட்டு, செம்பூர்ப் பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு கட்டு நீர்ச்செடி கொண்டுவந்து கொடுத்தான். மாமி அதை மூன்று தண்ணீரில் அலசிப் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், மூன்று தண்ணீர்தான். பத்து நாள் கழித்து ஒரு காலையில், நான் ரயிலுக்கு ஓடுகிற நேரத்தில், கதவைத் தட்டினாள்.  கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மெக்ஸிகோவின் செவுள்களில் நூல் நூலாக என்னவோ தொங்கியது. பழுப்பு நிறம். ஒன்று சுருங்கியது, நீண்டது. அட்டை. ஊரில் வயலில் பார்க்கிற அட்டை இல்லை, கால் அங்குலம் இருக்கும் குட்டிகள். சில ரத்தம் குடித்து உப்பிப்போயிருந்தன.

"நான் சரியா அலசலை. நாலாவது தண்ணி விட்டிருக்கணும். எம்மேலதான் தப்பு."

அன்றைக்கு இடுக்கியால் பதினொன்று எடுத்தாள். மறுநாள் பத்தொன்பது இருந்தன. எடுத்த இடத்திலெல்லாம் செவுள் கிழிந்து வெளுத்தது. தொட்டியின் கண்ணாடியில் எள்ளு எள்ளாக அவற்றின் முட்டைகள் ஒட்டியிருந்தன. சுரண்டினாள். தொட்டியில் கிடந்த கல்லை எடுத்துக் கொதிக்கிற வெந்நீரில் போட்டாள். செடியைத் தூக்கிப் போட்டாள். இரண்டு நாள் ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மறுபடியும் நூல் நூலாக. சமையல் இல்லை, தலை பின்னல் இல்லை. தொட்டிக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியோடு கண்ணாடியாக மூஞ்சியை வைத்துக்கொண்டு கிடந்தாள். நான் ஆபீசுக்குப் போகும்போதும் அங்கே, வரும்போதும் அங்கே.

"அட்டைக்கு உப்புதானேடீ" என்று அவளுக்கே ஒருநாள் தோன்றியது. ஒரு பேசின் தண்ணீரில் உப்பைக் கரைத்து, மெக்ஸிகோவை ஈரத் துணியால் தூக்கி அதில் விட்டாள். அட்டைகள் உண்மையிலேயே சுருண்டு உதிர்ந்தன. ஆனால் அந்தப் பிராணியும் துடித்தது. வாலால் அடித்து, பேசினை விட்டு வெளியே துள்ளித் தரையில் விழுந்தது. மாமி வீரிட்ட சத்தத்தில் மூன்றாவது மாடி இறங்கி வந்தது. அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கொன்னிருப்பேன். நான் கொன்னிருப்பேன்." அதன் பிறகு உப்பைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். காலேஜில் யாரையாவது கேட்கலாம் என்றேன். விஷயம் மாமா காதுக்குப் போய்விடும் என்று அதற்கும் மாட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டார், "செவுள்?"

"நன்னா சிவப்பா இருக்கு" என்றாள். அவள் முதல்முதலாகச் சொன்ன பொய் அதுவாகத்தான் இருக்கும். திரும்பும் வழியெல்லாம் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது அழுதால் உடனே எதையாவது செய்து நிறுத்திவிட வேண்டும் எனக்கு. அது நல்ல குணம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு செப்புக் குடம் இருந்தது. அம்மாவுக்குச் சீராக வந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்து, அதில் ஊறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். வயிற்றில் பூச்சி தங்காது, தண்ணீரில் புழு வைக்காது. எங்கள் வீட்டில் யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வந்ததில்லை என்பது உண்மைதான்.

"மாமி, இந்தத் தண்ணில பூச்சி பொட்டு நிக்காது. தொட்டித் தண்ணிய மாத்திட்டு இத ஊத்துவோம்."

"அவர் மண்பானைத் தண்ணிதான் ஊத்தணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரேடீ."

"அவரு போகும்போது அட்டை இருந்துச்சா? மனுசரே குடிக்கோம், அதுக்கு என்ன செய்யும்?"

"இல்லைடீ, எனக்கென்னமோ..."

"அப்ப உக்காந்து அழுங்க" என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

மாமி எழுந்து தொட்டியைக் காலி செய்தாள். குடத்துத் தண்ணீரை நான் ஊற்றினேன். இரண்டு நாள் ஊற்றினோம். அட்டைகள் மந்தமாயின, விழவில்லை. மூன்றாம் நாள் எனக்கு இன்னும் நல்ல யோசனை ஒன்று வந்தது. வீட்டிலிருந்து செப்புச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவந்து, தொட்டியின் மூலையில் அப்படியே தண்ணீருக்குள் இறக்கி வைத்தேன்.

இரண்டே நாள். அட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் கிடந்தன. கண்ணாடியிலும் புதிதாக ஒன்றும் ஊரவில்லை. செடியோடு வந்த பொடி நத்தைகள்கூட ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. மாமி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ நன்னா இருக்கணும்டீ. நூறு வருஷம் நன்னா இருக்கணும்" என்றாள். என் கைராசியால் அட்டை ஒழிந்தது என்று கட்டிடம் பூராவும் போய்ச் சொன்னாள். அவள் வாயிலிருந்து, வேறொருவரால் ஒரு நல்லது நடந்தது என்பதை அன்றைக்குத்தான் அத்தனை சத்தமாகக் கேட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிறு மாமா இரண்டு இட்லி சாப்பிட்டார். சொம்பை நான் தொட்டியிலேயே விட்டுவைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த வாரம் மெக்ஸிகோ புழுவைத் துப்பியது. மழைவிட்ட புழுக்கம், அதனால் இருக்கும் என்றேன். மாமி ஐஸை இரண்டு பாட்டிலாக்கினாள். மறுநாளும் துப்பியது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்து சுருண்டன. தோலில் வெள்ளையாகச் செதில் செதிலாக ஏதோ உரிந்து தண்ணீரில் மிதந்தது. நிற்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. "நான் புழுவைச் சரியா அலம்பலையோ? நான் ஐஸ் அதிகமா வச்சுட்டேனோ?" அவள் தன்மேல் ஒவ்வொரு குற்றமாகப் போட்டுப் பார்த்தாள், எதுவும் பொருந்தவில்லை. நான் தண்ணீரை மாற்றினேன். எந்தத் தண்ணீர்? செப்புக் குடத்துத் தண்ணீர்தான். நோய் வந்தால் சுத்தமான தண்ணீர் வேண்டாமா?

கடைசியில் மாமியே காலேஜுக்கு ஆள் அனுப்பினாள். மாமாவோடு வேலைபார்த்த ஒரு மராத்திக்காரர், என் வயதுதான் இருக்கும், சாயங்காலம் வந்தார். தொட்டியைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் சட்டைக் கையை மடித்து, உள்ளே கைவிட்டுச் சொம்பை வெளியே எடுத்தார்.

"தாம்பா?" என்றார். "பானீ மே தாம்பா?"

செம்பு தண்ணீரில் கரையும், கண்ணுக்குத் தெரியாது, இந்த மாதிரி ஜீவன்களுக்கு அது விஷம் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். சின்னது முதலில் சாகும், அட்டை செத்தது அதனால்தான். பெரியது மெதுவாகச் சாகும். அட்டை போக உப்புத் தண்ணீர் போதுமே, பத்து நிமிஷம் முக்கி எடுத்தால் போதும், கொஞ்சம் துள்ளத்தான் செய்யும் என்றார். பிறகு கேட்டார், இதை யார் போட்டது?

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மாமி, "மேரா கல்தி. மைனே டாலா" என்றுவிட்டாள், என் தப்பு, நான்தான் போட்டேன் என்று. என்னைப் பார்க்கக்கூட இல்லை. வழக்கம்போல, தண்ணீர் நின்றதற்கும் பல்பு உடைந்ததற்கும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பயந்துபோய்ப் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அதில் கொஞ்சம் மரியாதையாவது இருக்கும். பயம் இல்லை. அவள் எடுத்துக்கொண்டாள், நான் விட்டுவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. சொம்பை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "ஏட்டி, எங்க கெடந்துச்சு இது, ஒரு வாரமாத் தேடுதேன்" என்று அம்மா அதை வாங்கித் தேய்த்து, அன்றைக்கே அதில் தண்ணீர் குடித்தாள்.

மண்பானைத் தண்ணீர், காலேஜிலிருந்து வந்த சுத்தமான தண்ணீர், எல்லாம் மாற்றினார்கள். அந்த மராத்திக்காரர் தினம் வந்தார். நான்காம் நாள் காலையில் மாமி வந்து கதவைத் தட்டினாள். "அசையமாட்டேங்கறதுடீ" என்றாள். நான் அன்று ஆபீசுக்குப் போகவில்லை. ஐந்து தோட்டத்து மாலி ஒரு மரத்தடியில் குழி தோண்டிக் கொடுத்தான். மாமி தன் பட்டுப் புடவை ஒன்றின் தலைப்பைக் கிழித்து அதில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். மண்ணைத் தள்ளிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அவருக்கு நான் என்ன பதில் சொல்லப்போறேன்? நான் கொன்னுட்டேன்டீ. சொல்லு, நான் என்ன பண்ணுவேன்?"

"எல்லாம் சரியாயிரும் மாமி" என்றேன். வெட்கங்கெட்ட பேச்சு.

அதற்கப்புறம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். டாக்டர், இப்போது சொல்லவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலேஜ்காரர்களிடமும் மாமி கையெடுத்துக் கும்பிட்டு வாக்கு வாங்கிக்கொண்டாள். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஒருத்தி, ஒன்றை மட்டும் ஆறு வாரம் வாய்க்குள் வைத்திருந்தாள். அது அவளை என்ன பாடுபடுத்தியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கன்னம் ஒட்டிப்போயிற்று. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. மாமா மட்டும் தேறிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

"ஒன்பதரை."

"என்ன இது, போன மாசமும் ஒன்பதரைதானே? வளரவே இல்லையா?"

"நான்தான் சரியா சாப்பாடு போடலை போலிருக்கு" என்றாள் மாமி. "எம்மேலதான் தப்பு."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க முடியாமல் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், மாமியிடமாவது 'மாமி, அது நான் செஞ்சது, உங்க மேல தப்பே இல்ல' என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் ரயிலில் நினைப்பேன். மாட்டுங்கா வந்துவிடும், இறங்கிவிடுவோம்.

தீபாவளி முடிந்து மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்ஸியில் வந்தார். ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். "நீயும் கூட இருடீ, எனக்கு பயமா இருக்கு" என்று மாமி முன்தினமே சொல்லியிருந்ததால் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தேன். தொட்டியை அவள் எடுக்கவில்லை. தண்ணீரும் கல்லும் அப்படியே இருந்தன. எடுத்துவிட்டால் வாசலிலேயே தெரிந்துவிடும், அவர் முதலில் வந்து உட்காரட்டும் என்று சொன்னாள்.

மாமா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். "கல்லுக்குப் பின்னாடி இருக்கு போல. ஆள் சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கும்" என்றார். கண்ணாடியில் விரலால் மெதுவாகத் தட்டினார். காத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் மறுபடியும் தட்டினார்.

"அது இல்லை" என்றாள் மாமி. "போயிடுத்து. ரெண்டு மாசம் ஆகப்போறது. நான்தான் கொன்னுட்டேன். அட்டை வந்தது, போகட்டும்னு செப்புச் சொம்பைத் தண்ணிக்குள்ளே போட்டேன். அதுக்கு அது விஷமாம். உங்ககிட்டே ஒன்பதரை ஒன்பதரைன்னு பொய் சொன்னேன். என்னை என்ன வேணா பண்ணுங்கோ."

 மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா என்று முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்புறம் ஏதோ கணக்கு இடிக்கிறதுபோல நெற்றியைச் சுருக்கி, தலையைத் தூக்கினார்.

"செப்புச் சொம்பா?" என்றார். "நம்மாத்துல என்னோட பஞ்சபாத்திரத்தைத் தவிர செம்புல ஒண்ணும் கிடையாதே. சொம்பு ஏது?"

 மாமாவின் பார்வை பூஜை அலமாரிக்குப் போனது, சமையலறை வாசலுக்குப் போனது, அங்கிருந்து திரும்பி என்னிடம் வந்து நின்றது.  இப்போது சொல்லிவிட வேண்டும். இதைவிட்டால் இல்லை.

"ஏண்டீ, பால் பொங்கற வாசனை வரது. ஓடிப்போய் இறக்கி வை" என்றாள் மாமி.

நான் ஓடினேன். அவள் சொன்ன வேகத்துக்கே ஓடினேன். சமையலறையில் பால் இல்லை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை, பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. கூடத்தில் மாமா மறுபடியும் கேட்டார். "சொல்லேன், சொம்பு ஏது?"

"கடைல வாங்கினேன்" என்றாள் மாமி. "நான்தான் போய் வாங்கினேன்."

நான் கைப்பிடித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.